கோடும் நிழலும்

நாமக்கல் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் எழும் கொல்லிமலை, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டுநிலம். பழைய நாட்டுப் பிரிவுகளின் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கும் அதன் 14 ஊராட்சிகளுள் எடப்புளி நாடும் ஒன்று. வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு என விரியும் இந்த மலை நாடுகளின் நிலத்தோற்றம், ஓவியம் வரைவோருக்கும் நிழற்படம் எடுப்போருக்கும் இரண்டு வேறு பாடங்களை ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. பள்ளத்து நெல்வயல்களின் வரப்புகளும், சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் சரிவுகளின் விளிம்புகளும் வளைந்து வளைந்து செல்லும் கோடுகளாக நிலத்தைப் பகுத்துக் காட்டுகின்றன. விடியலில் பனிமூட்டம் இறங்கும்போது அக்கோடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, அருகிலுள்ள மேடு அடர்ந்தும் தொலைவிலுள்ள மேடு வெளிறியும், நிழலின் படிநிலைகள் மட்டுமே எஞ்சுகின்றன.

ஒரு படத்தின் கதைப்பொருள் எதுவாயினும், அதைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் உறுப்புகள் சிலவே. விளிம்பைக் காட்டுவது கோடு. கோடு சூழ்ந்து அடைக்கும் பரப்பு வடிவம். அவ்வடிவத்துக்குக் கனமும் பின்புறமும் உண்டு என்னும் உணர்வு திரட்சி. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு இறங்கும் படிகள் ஒளிநிழல். இவற்றோடு நிறம், மேற்பரப்பின் சொரசொரப்பும் வழவழப்பும், உருவங்களுக்கிடையே உள்ள வெளி ஆகியவையும் சேரும். எல்லாக் காலத்துப் படங்களிலும் இவ்வுறுப்புகள் அனைத்தும் உண்டு என்றாலும், எது முன்னின்று நடத்துகிறது, எது பின்தொடர்கிறது என்பது காலத்துக்குக் காலம் மாறும். தமிழகத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கோடு முன்னின்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிழற்படம் வந்து ஒளிநிழலை முன்னே நிறுத்தியது. அதன் பின் இவ்விரண்டும் ஒன்றையொன்று வெல்ல முயன்றும் ஒன்றிலொன்று புகுந்தும் வந்திருக்கின்றன. கொல்லிமலையையும் அதைச் சூழ்ந்த நிலப்பகுதியையும் மையமாகக் கொண்டு நோக்கினால், இந்த வரலாற்றின் முதன்மையான கட்டங்கள் பலவும் அங்கிருந்து தொலைவில் நிகழவில்லை என்பது தெரியவரும்.

இவ்வட்டாரத்தின் மிகப் பழைய உருவம் கண்ணால் காணக் கிடைக்காத ஒன்று. கொல்லிப்பாவை எனப்படும் பெண்ணுருவைச் சங்க நூல்களான நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகியவை பலமுறை குறிப்பிடுகின்றன. பரணர், கபிலர் போன்ற பெரும்புலவர்கள் தலைவியின் அழகுக்கு அதை ஒப்பாகக் கூறினர். அது தெய்வம் தீட்டியது என்று ஒரு பாடலும், பூதம் அமைத்தது என்று வேறொரு பாடலும் சொல்லுகின்றன. எனவே அது பாறைமேல் வரைந்ததா, பாறையில் செதுக்கியதா என்னும் கேள்விக்குப் பாடல்களைக் கொண்டு மட்டும் முடிவு கூற இயலாது. ஆயினும் புலவர்கள் அவ்வுருவின் எந்த இயல்புகளைத் தேர்ந்தெடுத்தனர் என்பதில் அக்காலத்துக் கண்ணின் பயிற்சி வெளிப்படுகிறது. காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் தாக்கினாலும் அதன் தோற்றம் சிதையாது என்று நற்றிணையின் 201ஆம் பாடல் கூறுவது, உருவத்தின் எல்லைக்கோடு நிலைபெற்றிருப்பதையே அழகாகக் கருதுகிறது. 192ஆம் பாடலோ, மலையின் மேற்குப் பக்கத்தில் உள்ள அப்பாவை விரியும் இளவெயிலில் தோன்றுவதைக் காட்டுகிறது. கிழக்கே எழும் கதிர் மேற்குச் சரிவைத் தாமதமாகவும் சாய்வாகவுமே தொடும்; சாய்ந்து விழும் ஒளியில்தான் புடைப்பும் பள்ளமும் பிரிந்து தெரியும் என்பதைச் சிற்பம் எடுத்த எந்த நிழற்படக்காரரும் அறிவார். அப்பாடலை இயற்றியவர் இதை ஒரு நெறியாக அறிந்திருந்தார் எனக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் உருவத்தையும் அதன்மேல் விழும் ஒளியின் வேளையையும் பிரிக்காமல் கண்டவர் என்பதில் ஐயமில்லை.

கோட்டின் முதன்மைக்குச் சங்க இலக்கியத்திலேயே தெளிவான சான்று உண்டு. அணிகலன்களைக் களைந்துவிட்டு வாடியிருக்கும் அரசியை நெடுநல்வாடை, வண்ணம் தீட்டப்படாமல் வடிவம் மட்டும் வரையப்பட்ட ஓவியத்துக்கு ஒப்பிடுகிறது. கோட்டுருவம் ஓவியத்தின் முதல் நிலை என்பதும், அந்த நிலையிலேயே அதற்கு ஒரு முழுமை உண்டு என்பதும் படிப்போருக்குப் பழக்கமான செய்தியாக இருந்தாலன்றி அந்த உவமை பொருள் தராது. பிற்காலச் சுவரோவியங்கள் இதே முறையைக் காட்டுகின்றன. புதுக்கோட்டைப் பகுதியின் சித்தன்னவாசலிலும், நாயக்கர் காலப் பூச்சின் அடியிலிருந்து 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களிலும், தோளின் சரிவும் விரலின் மடக்கும் கண்ணிமையின் வளைவும் கோட்டாலேயே பேசுகின்றன. வண்ணம் அக்கோட்டுக்குள் நிரப்பப்படுகிறது. திரட்சியைக் காட்ட விளிம்போரம் சற்று அடர்த்தி கூட்டுவதுண்டு என்றாலும், ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து வரும் வெளிச்சமோ தரையில் விழும் நிழலோ அங்கு இல்லை.

கல்லில் நிலைமை வேறு. கொல்லிமலைக்கு மேற்கே நாமக்கல் நகரின் நடுவில் நிற்கும் ஒற்றைப் பாறையில், அதியர் மரபினர் 8ஆம் நூற்றாண்டில் குடைந்த இரண்டு குடைவரைகள் உள்ளன. நரசிம்மர் குடைவரையில் உள்ள வராகர், திரிவிக்கிரமர், இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர் ஆகிய புடைப்புச் சிற்பங்கள் தமிழகத்தின் தலைசிறந்தவற்றுள் அடங்கும். திரிவிக்கிரமரின் தூக்கிய கால் சிற்பப் பலகையைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஒரு பெருங்கோடு. அக்கோட்டைத் தாங்குவது மையன்று, கல்லின் ஆழம். வாயில் வழியே நுழையும் வெளிச்சத்தின் திசைக்கேற்ப அந்த ஆழம் கூடியும் குறைந்தும் தோன்றும். ஓவியர் கைவிட்ட ஒளிநிழலைச் சிற்பி சூரியனிடம் ஒப்படைத்திருந்தார் என்று கூறினால் மிகையாகாது.

சென்னை மாகாணத்துக்கு நிழற்படம் வந்தபோது அதன் முதல் பெரும்பணி இத்தகைய கற்களை நோக்கியே சென்றது. 1850இல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய படை மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர், நிழற்படக் கலையையும் அப்பள்ளியின் பயிற்சிக்குள் கொண்டுவந்தார். 1856இல் சென்னை நிழற்படச் சங்கம் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அதே 1856இல் மாகாண அரசு தனக்கென ஒரு நிழற்படக்காரரை அமர்த்தியது. அவர் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப். 1854இல் மைசூர்ப் பகுதியின் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களையும் 1855இல் பர்மாவையும் படமெடுத்துத் தேர்ந்தவர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கருவிகளையும் வேதிப்பொருள்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அவர், சேலம் மாவட்டம், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகியவற்றைச் சில மாதங்களில் சுற்றி முடித்தார். இப்பயணத்தின் விளைவாக வெளிவந்த தொகுதிகளுள் ஒன்று, இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டுவது. கொல்லிமலையும் அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே; ஆனால் வண்டிப்பாதை இல்லாத அம்மேட்டுநிலம், வண்டியை நம்பிய அந்தக் கருவிகளின் எல்லைக்கு அப்பாலேயே இருந்தது.

டிரைப் கையாண்ட முறையைச் சற்று நெருங்கிக் காண்பது இன்றியமையாதது, ஏனெனில் கோட்டுக்கும் நிழலுக்கும் இடையிலான வழக்கு அவர் கைப்பட்ட காகிதத்திலேயே நடந்தது. கண்ணாடித் தகடு பரவிவந்த காலத்தில், வெப்பநாட்டுப் பயணத்துக்கு ஏற்றதென அவர் பெரிதும் மெழுகுத்தாளையே தேர்ந்தார். நேர்த்தியான தாளில் தேன்மெழுகை உருக்கி ஊறவைத்து, அயோடைடுக் கரைசலில் தோய்த்து, வெள்ளி நைட்ரேட்டால் ஒளியுணர்வு ஊட்டிக் கேமராவில் பொருத்த வேண்டும். பல நிமிடங்கள் ஒளிபட்ட பிறகு, வெளிச்சம் இருளாகவும் இருள் வெளிச்சமாகவும் மாறிய எதிர்ப்படம், அதாவது நெகட்டிவ், அத்தாளில் தோன்றும். பல நிமிடங்கள் என்பதனால், நடந்து செல்லும் மனிதர்கள் படத்தில் பதியமாட்டார்கள். மக்கள் நெரியும் மதுரைக் கோயிலின் மண்டபங்கள் டிரைப்பின் படங்களில் ஆளரவமற்று நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் தாள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தது. எனவே தமிழகத்தின் செம்மண்ணும் பச்சை இலையும் ஏறக்குறைய ஒரே கருமையாகப் பதிந்தன. நீல வானமோ அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளைப் பரப்பாயிற்று. கண்ணுக்குத் தெரிந்த படிநிலைகள் இரு முனைகளிலும் இவ்வாறு மழுங்கிப்போவதைக் கண்ட டிரைப், தூரிகையை எடுத்தார். நெகட்டிவின் பின்புறத்தில் வண்ணம் தடவி வானத்தில் முகில்களை உண்டாக்கினார். கருந்திட்டாகக் கிடந்த மரங்களின் மேல் புள்ளி புள்ளியாக வண்ணம் ஒற்றினார். நெகட்டிவில் வண்ணம் ஒற்றிய இடம் அச்சில் வெளிறும் ஆதலால், அப்புள்ளிகள் வெயில்பட்ட இலைகளாகத் தோன்றின. கையின் தலையீடு இன்றி ஒளியே வரைந்து தரும் படம் என்று போற்றப்பட்ட ஒரு கலை, தமிழ் மண்ணில் இறங்கிய முதற்சில ஆண்டுகளிலேயே கையின் துணையை நாடியது. இதைக் குறையாகவோ ஏமாற்றாகவோ எண்ணுவது பொருந்தாது. எந்தக் கருவியும் ஒரு நிலத்தின் ஒளியை முதல்முறை சந்திக்கும்போது நேரும் இடர்ப்பாடு இது, அதைத் தீர்த்த விதத்தில் டிரைப்பின் கலைத்தேர்ச்சி விளங்குகிறது.

அவருடைய பணிகளுள் தனித்து நிற்பது தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுப் படம். முதலாம் இராசராசனின் காலத்தில், 1010இல் நிறைவுற்ற அக்கோயிலின் விமான அடித்தளத்தைச் சுற்றி ஓடும் எழுத்துகளை, கேமராவை நகர்த்தி நகர்த்தி 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக 1858இல் டிரைப் அமைத்தார். ஒரே இடத்தில் நின்று நோக்கும் கண்ணுக்கு முன்னுள்ளவை பெரிதாகவும் பின்னுள்ளவை சிறிதாகவும் ஒரு புள்ளியை நோக்கிக் குறுகிச் செல்வதே ஐரோப்பிய ஓவியம் வகுத்த வெளியின் இலக்கணம். கேமராவின் வில்லையும் அந்த இலக்கணத்துக்கே கட்டுப்பட்டது. தஞ்சைச் சுருளிலோ ஒரு படத்துக்கு ஒரு மையம் என 21 மையங்கள் உள்ளன. கோயிலை வலம் வருவோர் அடிக்கு அடி காண்பது போலவே அச்சுருளையும் பகுதி பகுதியாகக் கண்டு நகர வேண்டியிருக்கிறது. இந்திய நிழற்பட வரலாற்றில் கருவியின் இலக்கணம் கட்டடத்தின் இலக்கணத்துக்கு இவ்வளவு முழுமையாகப் பணிந்த வேறொரு முயற்சியைக் காண்பது அரிது.

எனினும் கல்வெட்டாய்வு நிழற்படத்தோடு நின்றுவிடவில்லை. 1886இல் அரசின் கல்வெட்டு அறிஞராக ஹுல்ட்ஷ் அமர்த்தப்பட்ட பிறகு பெருகிய பணிக்கு முதுகெலும்பாக இருந்தது மைப்படி. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, அதன்மேல் மையை ஒற்றினால், தாளின் மேடு கறுத்து எழுத்து வெள்ளையாக நிற்கும். அதில் நிழற்படிகள் இல்லை, வேளைக்கு வேளை மாறும் வெயில் இல்லை. வடிவம் மட்டுமே உண்டு. கல்லின் தேய்வையும் பாசியையும் கட்டடத்தின் நிலையையும் அறிய நிழற்படம் உதவியது. எழுத்தை வாசிக்க மைப்படியே ஏற்றதாயிற்று. டிரைப்பின் பணிக்கோ ஆயுள் குறுகியதாக அமைந்தது. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், அரசின் நிழற்படப் பிரிவு செலவுமிக்க ஆடம்பரம் எனக் கருதி அதை நிறுத்த ஆணையிட்டார்.

மனிதரை நோக்கிக் கேமரா திரும்பியபோது அதன் உறுப்புகள் வேறொரு பணிக்குப் பழக்கப்பட்டன. 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில், கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன்மலை ஆகியவற்றில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பற்றிய பகுதியும் உண்டு. அக்கால இனவரைவியல் நிழற்படத்தின் மரபு, ஆளை நேராகவும் பக்கவாட்டிலும் நிறுத்தி, பின்புலத்தை வெறுமையாக்கி, உடலின் அளவுகளை ஒப்பிடத்தக்க வகையில் ஒளியைச் சமப்படுத்துவது. வெளியை நீக்கினால் மனிதர் நிற்கும் நிலம் நீங்குகிறது; நிழலை நீக்கினால் அவர் நிற்கும் பொழுது நீங்குகிறது. எடப்புளி நாட்டின் வயலில் உழைப்பவரை அவ்வயலிலிருந்து பிரித்துக் காட்டும் படம், அளவையில் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அவரைப் பற்றிக் கூறவேண்டியதில் பெரும்பகுதியைத் தன் அமைப்பினாலேயே விலக்கிவிடுகிறது.

நகரங்களில் தோன்றிய ஸ்டுடியோக்கள் நிழலை வேறு வழியில் நடத்தின. முகத்தின் ஒரு பாதியில் இருள் விழுவதை வாடிக்கையாளர் விரும்பவில்லை. நெகட்டிவின்மேல் கூர்ந்த பென்சிலால் சுருக்கங்களையும் கண்ணுக்கடியில் விழும் நிழலையும் திருத்தும் டச்சிங் வேலை, ஸ்டுடியோத் தொழிலின் பிரிக்க முடியாத அங்கமாயிற்று. வண்ணப் படம் பரவுவதற்கு முன், கறுப்பு வெள்ளை அச்சின்மேல் சேலைக் கரையையும் நகையையும் கையால் வண்ணமிட்டுத் தருவதும் வழக்கமாக இருந்தது. எதிர்த் திசையிலும் இந்தப் பரிமாற்றம் நடந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்து, பின்னர் கோவில்பட்டியில் நிலைத்த சி. கொண்டைய ராஜு (1898–1976), நிழற்பட ஸ்டுடியோவின் சூழலிலேயே தம் கடவுட் படங்களைத் தீட்டினார். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர்களின் முருகனும் இலட்சுமியும், நிழற்பட முகத்தின் மென்மையான திரட்சியைப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் நகையிலும் கிரீடத்திலும் பழைய கோடு ஒரு நூலிழையும் தளரவில்லை. இந்தச் சேர்க்கையை மலிவான கலை என ஒதுக்கிய காலம் ஒன்று உண்டு. இருவேறு பார்வை மரபுகளை லட்சக்கணக்கான வீடுகளின் சுவரில் இணக்கமாக நிறுத்திய அந்தச் சாதனைக்கு உரிய மதிப்பு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

கோட்டை மீண்டும் முன்னே கொண்டுவந்த பணி, சென்னை ஓவியப் பள்ளியிலேயே நிகழ்ந்தது. 1929இல் அதன் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சவுத்ரி, உடலின் திரட்சியையும் ஒளிநிழலையும் வலியுறுத்தியவர். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவருடைய ஆக்கம். அவருக்குப் பின் 1957இல் முதல்வரான கே. சி. எஸ். பணிக்கர், 1960களில் தொடங்கிய சொற்களும் குறியீடுகளும் என்னும் ஓவிய வரிசையில், ஜாதகக் கட்டங்களையும் வாசிக்க இயலாத எழுத்துகளையும் கோடுகளாக நிரப்பி, நிழலையும் தொலைவையும் விலக்கினார். 1966இல் அவருடைய தலைமையில் சோழமண்டல ஓவியர் கிராமம் அமைந்தது.

அப்பள்ளியின் மாணவருள் ஒருவரான கே. எம். ஆதிமூலம், 1938இல் துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்தவர். கொல்லிமலைக்குக் கிழக்கே, அம்மலைத்தொடர் மேற்கு வானத்தின் விளிம்பாக நிற்கும் நிலப்பகுதி அது. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் மையால் வரைந்த காந்தி உருவங்கள், தமிழகத்தில் கோட்டோவியத்தின் போக்கையே மாற்றின. காந்தி இறந்தபோது ஆதிமூலத்துக்கு வயது ஏறத்தாழப் பத்து. அவருடைய தலைமுறை காந்தியை அறிந்தது நிழற்படங்களின் வழியே. நிழற்படம் சாம்பல் நிறப் படிகளாகப் பிரித்துத் தந்த அம்முகத்தை, ஆதிமூலம் ஒன்றன்மேல் ஒன்று ஓடும் கோடுகளாக மீட்டெழுதினார். எங்கே நிழல் அடர வேண்டுமோ அங்கே கோடுகள் நெருங்குகின்றன. எங்கே வெளிச்சம் விழ வேண்டுமோ அங்கே தாள் வெறுமையாக விடப்படுகிறது. விளிம்பைக் கோட்டால் மூடாமல் திறந்துவிட்ட இடங்களில் உருவமும் வெளியும் ஒன்றையொன்று தொடுகின்றன. தமிழ்ச் சிற்றிதழ்களின் அட்டைகளிலும், கி. ராஜநாராயணனின் கரிசல்காட்டுக் கடுதாசிக்கு வரைந்த படங்களிலும் அந்தக் கோடு கலைக்கூடங்களுக்கு வெளியே உள்ள வாசகர்களைச் சென்றடைந்தது. ஆனால் கோட்டால் பெயர் பெற்ற அவரே, பிற்காலத்து எண்ணெய் வண்ண ஓவியங்களில் அதை ஏறக்குறைய முற்றிலும் விட்டுவிட்டார். அகன்ற கத்தியால் இழுத்த காவியும் நீலமும் பச்சையும் பரப்புகளாக ஒன்றின்மேல் ஒன்று படிய, எது மண், எது மலை, எது வானம் என்று பிரிக்கும் விளிம்பு அவற்றில் வரையப்படவில்லை. நிறத்தின் கனமும் வண்ணப்பூச்சின் சொரசொரப்புமே நிலத்தைத் தாங்குகின்றன.